குளிர்க்கிடங்கு ஜாக்கெட்

கப்பலின் ஆய்வறையில் நுரைக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பை மட்டும் மற்றவற்றைவிடக் கனமாக இருந்தது. கையை இழுக்கிற கனம் இல்லை. எல்லாம் காற்றைப் போல இருந்த இடத்தில் ஒன்று மட்டும் கைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கோப்பைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலுக்குப் போகும் ஆய்வுக் கப்பல்களில் இது ஒரு பழக்கம். பல ஆழங்களிலிருந்து ஆய்வுக்குத் தண்ணீரைப் புட்டிகளில் எடுத்துவரும் கருவியோடு ஒரு வலைப்பையைக் கட்டி, காப்பி குடிக்கிற சாதாரண ஸ்டைரோஃபோம் நுரைக் கோப்பைகளை அதில் போட்டுக் கடலுக்குள் இறக்குவார்கள். ஆழத்தில் கடலின் அழுத்தம் கோப்பையின் நுரைக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பிழிந்துவிடும். மேலே வரும்போது கோப்பை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதில் வரைந்த படமும் அப்படியே குட்டியாகி, கோடு கூட அழியாமல் இருக்கும். உள்ளே காகிதம் திணித்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கோணலாகிவிடும். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற எங்கள் ஊர் தம்போயில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு கோப்பையில் படம் வரைந்து, காகிதம் திணித்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். எல்லாமே கடலடிக்குப் போய்த் திரும்பி வரும் என்று நானும் வகுப்பில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கனமான கோப்பையில் ஒரு பனிமலையும் அதன் மேல் ஏறிக்கொண்டிருக்கும், கிடங்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியும் வரையப்பட்டிருந்தன. காகிதத்தை வெளியே எடுத்தேன். அதற்குள் இன்னொரு பொட்டலம். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள், நான்காக மடித்தது. ராகுகாலம் எழுதிய பக்கம் வெளியே தெரிந்தது. மடிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். உள்ளே சாம்பல் நிறப் பொடி, ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகம்.

கோயில் திருநீறு என்று நினைத்தேன். நம் ஆட்கள் புதுக் கார் வாங்கினாலும் திருநீறு வைப்பார்கள். தென் துருவத்துக்குப் போகிற கோப்பைக்கு வைக்காமல் இருப்பார்களா? சிரிப்பு வந்தது. ஆனால் அதை அப்படியே கடலுக்குள் இறக்க முடியாது. கோப்பைகள் தொங்கப்போவது தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பக்கத்தில். அந்தத் தண்ணீரில் என்னென்ன எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கத்தான் இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் கொடுத்தனுப்பிய பொருளை அவரைக் கேட்காமல் எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் கோப்பையில் வரைந்த மாணவியின் அம்மாவுக்குக் கைப்பேசியில் எழுதினேன்: கோப்பைக்குள் திருநீறு இருக்கிறது, கருவிக்கு ஆகாது, வெளியே எடுத்து வைக்கட்டுமா? கப்பலில் இணையம் மெதுவாகத்தான் வரும். பதில் எப்போது வருமென்று தெரியாது. மறுநாள் ஆழமான இடத்தை அடைவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த அம்மாவை எனக்கு ஜாக்கெட் மூலமாகத்தான் தெரியும்.

ஆசிரியர் ஒருவரை ஆய்வாளர்களோடு கப்பலில் அழைத்துப் போகும் திட்டத்துக்கு நான் விண்ணப்பித்ததே யாரும் நம்பாத விஷயம். இடம் கிடைத்தபோது தலைமையாசிரியர், இந்த டீச்சர் போனால் பென்குயின்களை வரிசையில் நிற்கவைத்துவிட்டுத்தான் வருவார் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னைப் பற்றி அவர் சொன்னது சரிதான். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் மட்டும் வாசலில் காத்திருந்தார். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை. விரல் நுனியில் எப்போதும் ஒரு நூல் ஒட்டியிருக்கும்.

"டீச்சர், குளிருக்குப் போட ஜாக்கெட் வச்சிருக்கீங்களா?"

கப்பலில் கொடுப்பார்கள் என்றேன்.

"அவங்க குடுக்கறது மேல போட. உள்ள போட என்கிட்ட ஒண்ணு இருக்கு."

மறுநாள் கொண்டுவந்தார். கருநீல நிறத்தில் தடித்த ஜாக்கெட். சிங்கப்பூரில் மீனும் இறைச்சியும் உறையவைக்கும் குளிர்க்கிடங்கில் அவருடைய கணவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில், எங்கள் பக்கத்தையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டிப் போவார். தம்போயில் நாங்களெல்லாம் விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் மூச்சு புகையாகப் போகும் இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். மகளிடம், நான் பார்க்கிறதெல்லாம் பெட்டிக்குள் அடைத்த ஐஸ், ஒருநாள் உன்னை நிஜ ஐஸ் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

தொற்றுக் காலத்தில் பாலம் மூடியபோது அவர் அந்தப் பக்கம் தங்கிவிட்டார். திரும்பி வரவில்லை. மாரடைப்பு. இறுதிச் சடங்கைத் தாயும் மகளும் கைப்பேசியில் பார்த்தார்கள். பாலம் திறந்த பிறகு கூட வேலை செய்தவர் ஒருவர் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இதை எல்லாம் அந்த அம்மா ஜாக்கெட்டின் ஜிப்பை எனக்குச் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தபடியே சொன்னார். ஜிப் பிய்ந்திருந்த இடத்தைக் கார் இருக்கை நூலால் தைத்திருந்தார். நூல் மட்டும் சிவப்பு.

"அவரு வேலை செஞ்ச எடம் மைனஸ் இருபத்தஞ்சு. நீங்க போற எடம் எவ்ளோ?"

கோடைக்காலத்தில் போகிறோம், கப்பல் தளத்தில் மைனஸ் இரண்டு மூன்று இருக்கும் என்றேன்.

"அவ்ளோதானா? இதுக்கா டீச்சர் இவ்ளோ தூரம் போறீங்க?"

திருநீறு பற்றிக் கேட்டதற்கு அவருடைய பதில், எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம், குரல் செய்தியாக வந்து சேர்ந்தது. நான் அப்போது தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பகுதியில் கோடையில் இருட்டு வருவதே இல்லை. வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி எந்த நேரமும் ஒரே அளவில் இருக்கும். காலையா மாலையா என்று உடம்புக்குத் தெரியாது. கனவில் வேறு யாரோ நடப்பதைப் பார்க்கிற மாதிரி என் கால்களையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். செய்தியைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அது திருநீறு இல்ல. அவரோடது. அங்கயே கடல்ல கரைச்சாங்க, எனக்குன்னு கொஞ்சம் எடுத்து ஜாக்கெட் பையில வச்சுக் குடுத்தாங்க. வீட்டுல வைக்கக்கூடாதுன்னு எல்லாரும் ஏசறாங்க. ஆனா பாலத்துக்கு அடியில ஓடற தண்ணியில கரைக்க எனக்கு மனசு வரல. அந்தத் தண்ணிதான அவர வரவிடல. நீங்க ஐஸ் கடலுக்குப் போறீங்கன்னதும் கோப்பையில வச்சேன். சொன்னா எடுத்துக்க மாட்டீங்கன்னு சொல்லல. மன்னிச்சுக்குங்க."

இரண்டாவது முறை கேட்கவில்லை. பொட்டலம் ஆய்வறை மேசையில், கோப்பைகளுக்கு நடுவில் இருந்தது. உள்ளே போய் அதை எடுத்து, வேறு எங்கே வைப்பதென்று தெரியாமல், ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தேன். அந்தப் பை ஏற்கெனவே அந்த அளவுக்குப் பழகியிருந்தது. பொட்டலம் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆய்வுக் குழுவின் தலைவி குளிர்நாட்டுப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். எனக்குக் கப்பலில் கொடுத்த வேலையை அவர்தான் தேர்ந்தெடுத்தார். கருவி மேலே வந்ததும் எல்லாரும் புட்டிகளைச் சூழ்ந்துகொள்வார்கள். எந்தப் புட்டியிலிருந்து யார் முதலில் எடுப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. காற்று படக் கூடாத மாதிரிகள் முதலில், உப்பை அளப்பதற்கானது கடைசியில். எடுக்கும் குப்பியை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் யாரும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலை. கப்பலில் என்னைப் போலீஸ் என்று கூப்பிட்டார்கள். அந்தப் போலீஸான நான்தான் இப்போது பையில் சாம்பலோடு தலைவியின் கதவைத் தட்டினேன்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். குளிர்க்கிடங்கு, பாலம், கைப்பேசியில் பார்த்த இறுதிச் சடங்கு, பொட்டலம், அந்த அம்மாவின் ஆசை. முடிந்ததும் தலைவி ஜாக்கெட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கருவியோடு அது போக முடியாது என்றார். சாம்பலில் இருப்பதெல்லாம் நாம் இந்தத் தண்ணீரில் தேடிக்கொண்டிருக்கிற பொருட்கள். தளத்திலிருந்தும் போட முடியாது. இந்தக் கடலில் நாம் கொண்டுவந்தது எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று விதி. எனக்கும் தெரியும், ஏறும்போது கையெழுத்துப் போட்டிருந்தேன். கோப்பை போகலாம் என்றார். திரும்பும் வழியில் அறுபதாவது அட்சரேகையைத் தாண்டி வடக்கே வந்துவிட்டால் அந்த விதி இல்லை, கப்பல் தலைவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"அங்கே பனிக்கட்டி இருக்குமா?" என்று கேட்டேன்.

சில சமயம் மிதந்து வரும், சில சமயம் வெறும் சாம்பல்நிறக் கடல்தான், உறுதி சொல்ல முடியாது என்றார். அவரும் என்னைப் போலத்தான், தெரியாததைச் சொல்லமாட்டார்.

இதை அப்படியே அந்த அம்மாவுக்கு எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கணவரின் பிரேதத்தைக் கூடப் பார்க்க விதி விடவில்லை. இப்போது இன்னொரு விதியைச் சொல்லி நான் மறுக்கிறேன். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி அறையில் மாட்டவும் மனம் வரவில்லை.

ஆழமான இடத்தில் மறுநாள் கருவி இறங்கியது. கம்பிச் சுருள் மணிக்கணக்கில் அவிழ்ந்துகொண்டே இருந்தது. வலைப்பையில் எல்லாக் கோப்பைகளும் இருந்தன. ஃபோர்க்லிஃப்ட் வரைந்ததில் கப்பலின் வெள்ளைத் தாளை நானே திணித்திருந்தேன். திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பாதி தூக்கம். தூக்கத்தில் கோப்பைகள் ஒரு பெரிய பச்சைக் கூடத்துக்குள் படிப்படியாக இறங்கிப்போயின. கீழே யாரோ வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளை அடுக்குகிற மாதிரி ஒரு சத்தம், முன்னே போவதும் பின்னால் வருவதுமாக. விழித்தபோது கம்பிச் சுருள் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. கருவி மேலே வந்துகொண்டிருந்தது.

கோப்பைகள் எல்லாமே திரும்பி வந்தன. ஃபோர்க்லிஃப்ட் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆகியிருந்தது, பனிமலை அதைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. ஆனால் வண்டி இன்னமும் ஏறிக்கொண்டிருந்தது. படம் எடுத்து வகுப்புக்கு அனுப்பினேன்.

அதே நேரத்தில்தான் அந்த அம்மாவின் பதில் வந்தது.

"அப்ப வேணாம் டீச்சர். ஐஸ் இல்லாத எடத்துல வேணாம். திருப்பிக் கொண்டுவந்துருங்க. போய்ப் பாத்துட்டு வந்தாருன்னு இருக்கட்டும்."

நான் அந்தச் செய்தியைத் தலைவியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஜாக்கெட்டின் பக்கம் தலையசைத்தார். பிறகு, அப்படியானால் அவருக்கு நன்றாகக் காட்ட வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு இருந்த நாட்கள் என் நினைவில் வேறு நிறத்தில் இருக்கின்றன. வேலை முடிந்ததும் ஜாக்கெட்டோடு தளத்துக்குப் போவேன். மேலே கப்பலில் கொடுத்த ஆரஞ்சு நிற உடை, உள்ளே கருநீலம், அதன் உள்ளே அவர். முதலில் வெட்கமாக இருந்தது. மேசை போலத் தட்டையான பனிப்பாறை ஒன்று ஒருநாள் பக்கத்தில் வந்தது. அவ்வளவு அகலம், ஒரு தோட்டத்தையே எடுத்து மிதக்கவிட்ட மாதிரி. எங்கள் ஊருக்கு வடக்கே செடெனாக் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் முடிவில்லாமல் போகுமே, அந்த மாதிரி வெள்ளை முடிவில்லாமல் போனது. நான் உடையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

தலைவி ஒருமுறை பக்கத்தில் வந்து நின்றார். நீலக் கோடு ஓடும் ஒரு பாறையைக் கைகாட்டி, அது பழைய ஐஸ், உள்ளே காற்றுக் குமிழிகளே இல்லாததால் நீலமாகத் தெரிகிறது என்று விளக்கினார். ஆங்கிலத்தில், நிதானமாக, புதிதாக வேலைக்கு வந்தவருக்குச் சொல்கிற மாதிரி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் உள்பை இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னார். போகும்போது, இவரும் குளிரில் வேலை செய்தவர், இது அவருக்கு ஆர்வமாக இருக்கும் என்றார்.

இங்கேதான் கனத்த குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கி, கடலின் தரையோடு ஊர்ந்து வடக்கே போகிறது என்பதையும் அவர்தான் ஒரு சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். மிக மெதுவாக. உலகத்துக் கடல்களின் அடித்தளத்தை அது குளிராக வைத்திருக்கிறது. உலகத்தின் குளிர்க்கிடங்கு, என்று நான் தமிழில் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் முதல் சனிக்கிழமை என் காரில் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங்குக்குப் போனோம்: நான், அந்த அம்மா, மகள். பாலத்துத் தண்ணீர் வேண்டாம், விரிந்த கடலாக இருக்கட்டும் என்று அவரே மெர்சிங்கைச் சொன்னார். வழியில் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார்.

"தொவைக்கலயா டீச்சர்?"

துவைத்தால் பையைக் காலி செய்ய வேண்டும், அதனால் துவைக்கவில்லை என்றேன். சிரித்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டார். அந்த வெயிலில், மெர்சிங் வரைக்கும், மடியிலேயே வைத்திருந்தார்.

படகுத்துறையில் தீவுகளுக்குப் போகிறவர்கள் பைகளோடு காத்திருந்தார்கள். நாங்கள் அதைத் தாண்டி, மீன் படகுகள் நிற்கிற பக்கத்துக்கு அப்பால், ஆளில்லாத கரைக்குப் போனோம். அந்த அம்மா ஒரு பொட்டலம் மல்லிகையும் பாலும் கொண்டுவந்திருந்தார். மகளின் சித்தப்பாவிடம் சொன்னால் ஐயர், தேங்காய் என்று பட்டியல் போடுவார், அதனால் சொல்லவில்லை என்றார்.

மகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா என்னென்ன பாத்தாரு டீச்சர்?"

நான் முதலிலிருந்து சொன்னேன். துறைமுகம். அலை பெரிதாக இருந்த நாட்கள். முதலில் தெரிந்த சின்ன ஐஸ் துண்டு, கப்பலில் எல்லாரும் ஓடிவந்து பார்த்தது. தோட்டம் மாதிரிப் பெரிய பாறை. நீலக் கோடு, அது ஏன் நீலம் என்று பெரிய விஞ்ஞானி ஒருவரே அவருக்கு நேரில் விளக்கியது. ஒரு பென்குயின் ஐஸ் மேல் வயிற்றால் சறுக்கிப் போனது. எதையும் கூட்டவில்லை. பார்க்காத எதையும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, அவர் வேலை செய்த இடத்தைவிடக் குளிரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"சொன்னேன்ல, அவ்ளோதான் குளிர்" என்றார் அம்மா.

பொட்டலத்தைப் பிரித்து, சுருங்கிய கோப்பையில் கொட்டினார்கள். ஒரு பொடி கூடச் சிந்தாமல் எல்லாம் கோப்பைக்குள் அடங்கியது. முழங்கால் அளவு தண்ணீருக்குப் போய், பாலை ஊற்றி, பூவைப் போட்டு, மகள் கோப்பையைச் சாய்த்தாள். தண்ணீரில் ஒரு நிழல் மாதிரி பரவி, அடுத்த அலை வந்தபோது அது இல்லை.

அவள் கோப்பையைக் கடலில் முக்கி அலசிக் கொட்டினாள். இரண்டாவது முறை. மூன்றாவது முறை. கப்பலிலிருந்து வகுப்புக்குப் பேசியபோது நான் சொல்லிக்காட்டியதை நினைவு வைத்திருந்தாள். நான்காவது முறை நிரப்பினாள். இரண்டு வாய்க்குக் கூட வராத தண்ணீர். உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இந்தத் தண்ணி அங்க போகுமா டீச்சர்?"

இந்தப் பக்கத்துக் கடல் ஆழம் குறைவு. நேராகப் போகாது. தீவுகளைச் சுற்றி, பெரிய கடல்களைக் கடந்து, கலந்து கலந்துதான் போக வேண்டும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"போகும். நேரா போகாது. ரொம்ப காலமாகும்."

அந்த அம்மா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜாக்கெட் அவர் தோளில் கிடந்தது. சிவப்பு நூல் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"ஆகட்டும்" என்றார். "பாலத்து ஜாம்ல நின்னு பழகினவரு. அவருக்கு என்ன அவசரம்."